நாற்பது படங்களிலும் வெளுத்தவன்

"இவன் யாருங்க?"

சொட்டச் சொட்ட நனைந்து கடைக்குள் நுழைந்தவன் கவரிலிருந்த படங்களை மேசைமேல் பரப்பினான். கமலாட்சி நிமிர்ந்தாள். கண்ணா அது... நனைந்த இமைகளுக்குக் கீழே கோபமும் சிரிப்பும் இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"நீங்கதான்..." என்றாள் மெல்ல.

"நானா? எங்கம்மா கேக்கறாங்க, 'உன் சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிறானே, இந்த வெள்ளப் பையன் யாருடா'ன்னு!"

அவளுக்கு உறைத்தது. பர்மாவில், அலோன் பகுதியில் இருக்கும் அந்தப் போட்டோக் கடையிலிருந்து வெளுக்காமல் எந்த முகமும் வெளியே போனதில்லை. கல்யாணப் படம், பட்டம் வாங்கிய படம், செத்தவர் படம்கூட... வெளுப்பு குறைந்தால்தான் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். அவளுடைய பழகிய கை இவனுடைய நாற்பது படங்களையும் வெளுத்துத் தள்ளிவிட்டது. பின்னால் இங்கிலாந்துக் கடலும் இடிந்த மடாலயமும் குன்றின்மேல் கோட்டையும் அப்படியே இருக்க, நடுவில் மாவில் விழுந்து எழுந்தவன்போல் ஒருவன்.

"அங்க வெயில் கம்மிதான். அதுக்காக மூணு வாரத்துல இவ்வளவு வெளுப்பேனா?"

சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் அவனும் சிரிப்பதைக் கவனித்தாள்.

அவன் பெயர் கார்த்திகேசன். சரக்குக் கப்பலில் இன்ஜின் வேலை. ஹல் துறைமுகத்தில் கப்பல் பழுதுக்கு நின்றபோது, லீவு கிடைத்த நாளெல்லாம் பஸ் ஏறிக் கரையோர ஊர்களைச் சுற்றியிருக்கிறான். அம்மாவுக்குப் போனில் பார்த்தால் கண் சரியாகத் தெரியாது, அதனால் ஆல்பம். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கப்பலுக்குப் போகவேண்டும்.

"உக்காருங்க கோ கார்த்தி, மாத்தித் தரேன்." பர்மியர்கள் மாதிரி மரியாதைக்கு ஒரு 'கோ' சேர்த்துக்கொண்டாள்.

நாலு படம் முடிவதற்குள் கரண்டு போனது. மறுநாளும் வந்தான், மறுநாளும் போனது. எப்போதும் கரண்டைத் திட்டும் கமலாட்சி அந்த வாரம் திட்டவே இல்லை...

கடை வாசலில் மழையைப் பார்த்தபடி டீயும் கையுமாக உட்கார்ந்து ஒவ்வொரு படமாகச் சொன்னான்.

"இது விட்பி. மேல இருக்கிற மடாலயத்துக்கு நூத்தித் தொண்ணூத்தொம்பது படி. பாதியில எண்ணிக்கை விட்டுப்போச்சு."

"அப்புறம்?"

"எறங்கி மறுபடி மொதல்லேருந்து ஏறினேன்."

"லூசா நீங்க?"

"தனியாப் போனா அப்படித்தான். கூட ஒருத்தர் இருந்தா எண்ணச் சொல்லியிருப்பேன்..."

அவள் அவசரமாக டீயைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

அவனுடைய சொந்த நிறத்தை ஒவ்வொரு படத்திலும் மீட்டுக்கொண்டு வரும்போது, அந்தச் சாம்பல் கடலுக்கு முன்னால் இந்தக் கறுப்பு எவ்வளவு அழகு என்று தோன்றியது. தன் நிறமும் அதேதான். ஆனால் தன்னைப் பற்றி அப்படி நினைக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

புதன்கிழமை, எல்லாரும் மரியாதையாக டோ ஜெயம்மா என்று கூப்பிடும் கடைக்கார அம்மா முகமெல்லாம் பல்லாக வந்தாள்.

"வரன் பாக்க எடுத்த உன் படத்த நேத்து அந்தக் கப்பல்காரப் பையனோட அம்மாகிட்ட குடுத்துட்டேன்டி! பேரு ஊரு ஒண்ணும் சொல்லல. பையன் பாத்தாத் தெரிஞ்சுக்க மாட்டானா? அந்தம்மா, பொண்ணு பால் மாதிரி இருக்காங்கிறாங்க."

கமலாட்சிக்கு உயிரே போனது. அதுவும் இந்தக் கடையில் வெளுத்த படம்தான். அதைப் பார்த்து ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் பெண் பார்க்க வந்தன. நேரில் பார்த்தன. பலகாரம் தின்றுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போயின. மூன்றாவதாக இவன் வீடுமா? வேறு யாராக இருந்தாலும் தாங்கிக்கொள்வாள். கடையில் இவன் பார்த்ததெல்லாம் தனகாச் சாந்து, அந்த வெளிர்மஞ்சள் மரப்பட்டைப் பூச்சு, பூசிய முகம்தான்; அது இல்லாமல் பார்த்து இவன் முகம் மாறுவதை மட்டும் பார்க்க முடியாது. அன்றைக்கு அவன் வந்தபோது உள்ளறையை விட்டு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை அவன் வரவில்லை. முடிந்த ஆல்பம் மேசையில் கிடந்தது. நாளைக்குப் போனால் பத்து மாதம்... என்னுடையதல்லாத ஒரு முகத்தை என்னுடையதென்று நினைத்துக்கொண்டு போவானே! நினைக்க நினைக்க வெட்கத்தை மீறிக் கோபம் வந்தது. வேண்டாமென்றால் என்னைப் பார்த்துச் சொல்லட்டும். காலையில் பூசிய தனகாச் சாந்தைக் கழுவிவிட்டு, ஆல்பத்தை எடுத்துக்கொண்டு, ஆர்டர் சீட்டில் இருந்த விலாசத்தைத் தேடி மழையில் இறங்கினாள்.

கதவைத் திறந்தது அவன் அம்மா புஷ்பலதா. பின்னால் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டு எழுந்தான்.

"அம்மா, ஜெயம்மா குடுத்த படம் என்னோடதுதான். ஆனா அது கடையில வெளுத்தது. நான் இப்படித்தான் இருப்பேன். எனக்கு உங்க பையனப் புடிச்சிருக்கு. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. சொல்லி அனுப்புறோம்னு மட்டும் சொல்லாதீங்க..."

அம்மா கிட்டே வந்து கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தாள்.

"அந்தப் படமா? இவன் அப்பவே வேணாம்னுட்டானேம்மா."

கமலாட்சி அதற்கு மேல் நிற்கவில்லை. ஆல்பத்தை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நில்லுங்க!" கார்த்திகேசன் ஓடிவந்தான். "சத்தியமா அது நீங்கன்னு எனக்குத் தெரியாது. யாரோ ஒரு பொண்ணு... எனக்கு வேணாம், போட்டோக் கடையில ஒருத்தி இருக்கா, கட்டினா அவளத்தான் கட்டுவேன்னு அம்மாகிட்ட சொன்னேன். அதச் சொல்லத்தான் நேத்து வந்தேன் கமலா... நீ வெளியவே வரல."