பாவனையில் உள்ள லாந்தர்

கொட்டாஞ்சேனையில் ஜனா வாடகைக்கு இருந்த மேல்மாடி அறையைக் காலி செய்ய அவனுடைய அக்கா சாருஜா வந்திருந்தாள். டெங்குக் காய்ச்சல் கொண்டுபோன தம்பியின் உடுப்புகள் ஒரே பைக்குள் அடங்கிவிட்டன. அடங்காதவை, ஒன்லைன் விளையாட்டில் அவன் வருடக்கணக்காகச் சேர்த்த சாமான்கள். வாள், கவசம், ஒரு நீல லாந்தர். இன்று மாலையோடு அந்த விளையாட்டையே மூடப்போகிறார்கள். அதற்குள் எடுக்காவிட்டால் அவனுடைய உழைப்பில் ஒரு துரும்பும் மிஞ்சாது.

லாந்தரை அவள் எத்தனை தரம் கேட்டிருப்பாள்! “செத்தாலும் தரமாட்டன், அக்கா” என்று சிரிப்பான் பாவி.

புரோகிராம் எழுதுவதுதான் சாருஜாவின் தொழில். விளையாட்டை நடத்தும் கணினியிடம் ஜனாவின் சாமான் பக்கம் ஒன்றைக் கேட்டு, அது வரும்வரை காத்திருந்து, வந்ததைப் பத்திரப்படுத்திவிட்டு அடுத்த பக்கத்தைக் கேட்கும்படி ஒன்றை எழுதியிருந்தாள். பிழை வந்தால் இரண்டு மூன்று தரம் முயன்றுவிட்டுக் கைவிடுவதுதான் வழக்கம். அவள் எல்லையே வைக்கவில்லை. கிடைக்கும்வரை ஜனாவின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டாள்.

எட்டிப்பார்த்த வீட்டுக்காரர் பிறெடி, திரையில் வரிவரியாக ஓடிய ஜனாவின் பெயரைக் கண்டு சிலுவை போட்டுக்கொண்டார்.

“போனவனப் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க, மகள்.”

“எங்கட வீட்டிலயும் அதைத்தான் சொல்லுறவை, அங்கிள். அவன் போகேக்க ஆரிட்டக் கேட்டவன்? நான் கூப்பிடுவன்.”

அவர் இறங்கிப் போனார். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. வாள் வந்தது. கவசம் வந்தது. ஒவ்வொரு பக்கம் வரும்போதும் அவளுக்குப் பின்னால் பலகைத் தரை முனகியது. ஜனா மணிக்கட்டில் பூசும் தைலத்தின் வாசம் மெல்லக் கிளம்பியது.

கடைசிப் பக்கம் மட்டும் வரவில்லை.

‘லாந்தர்: பாவனையில் உள்ளது.’

புரோகிராம் மீண்டும் கேட்டது. அதே பதில்தான்.

யாரோ இப்போது அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவனுடைய கணக்கைத் திறக்க அவளைத் தவிர வேறு ஆளில்லை.

“ஆர் பாவிக்கிறது?”

பிடரியில் ஒரு மூச்சு பட்டது.

“தரமாட்டன்.”

பயத்தைவிடக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. “தராட்டிப் போ! நான் விடமாட்டன். கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பன்!”

விளையாட்டை மூடிவிட்டதாக அறிவிப்பு வந்தது. இனிப் பதில் சொல்ல அந்தப் பக்கம் எதுவுமே இல்லை.

பதில் வந்தது.

‘பாவனையில் உள்ளது.’

அவள் நிறுத்தவில்லை. ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினியை அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டு வெள்ளவத்தையில் இருந்த தங்கள் வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

அங்கே கரண்ட் இல்லை. மாடிப்படியில் கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு. தட்டுத்தடுமாறி ஏறியவள் சட்டென்று நின்றாள். படிகள் தெரிந்தன. அவற்றின்மேல் அவளுடைய நிழல் நீளமாக விழுந்து கிடந்தது.

நீல வெளிச்சம்.

மேலே வாசலில் நின்ற அம்மா நேசமலர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

“பிள்ளை, உனக்குப் பின்னால வெளிச்சம் பிடிச்சுக்கொண்டு வாறது ஆர்? முகம் தெரியேல்ல.”

சாருஜா திரும்பிப் பார்க்கவில்லை.

“எங்கட ஆள்தானம்மா. கதவை நல்லாத் திறவுங்கோ.”