கோப்பிக் கம்பு

ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைப் பெக்டரி ஓடாது. முதல் நாள் பின்னேரமே கொழுந்து வாட்டும் காற்றாடிகளை நிறுத்திவிடுவார்கள். கிழமை முழுக்க அந்த இரைச்சலுக்குள்ளேயே உண்டு உறங்கும் லயத்து வரிசை வீட்டுக்காரர்களுக்கு, ஞாயிறு விடிந்ததும் காதிலிருந்து ஏதோ கழன்று விழுந்ததுபோல இருக்கும். அந்த ஞாயிறும் அப்படித்தான் விடிந்தது. பனிமூட்டம் லயத்துக் கூரை வரைக்கும் இறங்கி, எதிர்மலையை மறைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. கடைசி வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு கைத்தடியின் பிடியில் யானைக் காது செதுக்கிக்கொண்டிருந்த முத்துலிங்கம் உளியை நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்தினான்.

காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது.

"மீனம்மா, இன்னைக்கு பெக்டரி ஓடுதா?"

உள்ளே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த மனைவி சிரித்தாள். "ஆமா, ஒங்களுக்காகத் தனியா ஓட்டுறாங்க. காதுல மரத்தூள் அடைச்சிருக்கும். போயிக் கழுவுங்க."

அவன் கழுவினான். சத்தம் போகவில்லை. வாசலில் குறைந்தது, வீட்டுக்குள் வந்தால் கூடியது. அடுப்புக்கு நேர்மேலே, கம்புகளைப் புகையில் காயப்போடும் பரணுக்குக் கீழே வந்து நின்றபோது பற்கள் கூசின. சவுக்கு, கித்துள் பனை, கொய்யா என்று வரிசையாகக் கிடந்த கம்புகளுக்கு நடுவே புகை படிந்து கறுத்திருந்தது அந்தக் கோப்பிக் கம்பு. அவன் எட்டி அதன் மேல் விரலை வைத்தான்.

சத்தம் நின்றுவிட்டது.

ஏழு மாதமாக அவன் அதைத் தொட்டதில்லை.

தேயிலைக்கு முந்தி இந்த மலைகளில் கோப்பி இருந்தது. அதில் தப்பிய ஒன்றிரண்டு மரங்கள் ஏழாம் நம்பர் மலையின் உச்சியில், காட்டு ஓரத்தில், யார் கண்ணிலும் படாமல் நின்றன. இரும்பு மாதிரி மரம். ஹட்டனில் ஹசன் முதலாளியின் கடைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் கோப்பிக் கைத்தடி என்றால் விலை பேசமாட்டார்கள். பங்குனி மாதத்தில் ஒரு காலை முத்துலிங்கம் அங்கே ஏறினான். ஒரு கிளை, திரும்பிப் பார்க்கும் கழுத்தைப்போலத் தானாகவே வளைந்து நின்றது. அதன் பின்னால் குளவிக்கூடு தொங்கியது. அதை அவன் பார்த்தான். கீழே பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டே பேசுவதும் கேட்டது. நாலு இழுப்பில் அறுத்துவிடலாம் என்று நினைத்துத்தான் அறுப்பு வாளை வைத்தான்.

மூன்றாவது இழுப்பில் கிளை முறிந்து விழுந்தது. அதோடு கூடும் உடைந்தது.

தோட்டத்தில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஒன்று உண்டு. குளவியை முதலில் காண்பவர் 'குளவி' என்று கத்த வேண்டும். அந்த ஒரு சொல் காதில் விழுந்தால் போதும். எல்லோரும் கொழுந்துச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தேயிலைக்கு அடியில் குப்புறப் படுத்துவிடுவார்கள். சொல் அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கத்தினால், களவாய் மரம் வெட்டியவன் யாரென்று மலைக்கே தெரிந்துவிடும். சொல்லை விழுங்கிவிட்டுக் கொண்டுவந்த சாக்குக்குள் புகுந்து படுத்துக்கொண்டான். கீழே, பெண்களுக்கு நடுவே, அழகனின் மனைவி வீரம்மா நிமிர்ந்து நின்றபடியே இருந்தாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவள் செத்தாள். கழுகு கூட்டைத் தட்டிவிட்டது என்று சனம் சொன்னது. முத்துலிங்கமும் சொன்னான். கருமாதி முடிந்த மறுநாள் மலையேறி, அறுத்துப் போட்ட கம்பை எடுத்துவந்தான். அவ்வளவு நல்ல கம்பு. விட்டுவிட மனம் வரவில்லை.

சத்தம் கேட்ட அந்த ஞாயிறு பின்னேரம் வீரம்மாவின் மகள் பிரியந்தி வந்தாள்.

"மாமா, அப்பாவுக்கு ஒரு கைத்தடி வேணும். அன்னைக்கு அம்மாவத் தூக்கப் போயி கொட்டு வாங்குனதுலேருந்து கால் சரியில்ல. இப்ப சுத்தமா ஊன்ட முடியல."

"செஞ்சிருவோம் புள்ள. நல்ல கித்துள் கம்பு ஒன்னு இருக்கு."

"கித்துள் வேணாமாம். அடுப்புக்கு மேல ஒரு கோப்பிக் கம்பு கெடக்காம். அதுலதான் வேணுமாம்."

அவள் அப்பா அழகன் வருடக்கணக்காக இந்த வீட்டு வாசற்படி ஏறியதில்லை. முத்துலிங்கம் உள்ளே பரண் பக்கம் திரும்பிப் பார்த்தான். "யாரு சொன்னா அவருகிட்ட?"

"தெரியல மாமா. காலையில எழும்புனதும் சொன்னாரு."

மறுக்க ஒரு காரணம் தேடினான். எந்தக் காரணத்தை எடுத்தாலும் அது அந்த மலையுச்சியில் போய் முடிந்தது.

திங்கட்கிழமை தோலைச் சீவினான். உள்ளே மரம் வெண்ணெய் நிறத்தில், கோணலில்லாமல் இருந்தது. கண்ணாடித் துண்டால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து வைத்தான். ஈரம் பட்டால் நார் கொஞ்சம் எழும்பும். மறுநாள் இன்னொரு தரம் தேய்த்தால் கண்ணாடியாகிவிடும். மறுநாள் தடவிப் பார்த்தபோது நார் எழும்பியிருக்கவில்லை. கம்பு முழுக்கச் சின்னச் சின்னத் தடிப்புகள் எழும்பியிருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி. தேய்த்தான். அடுத்த நாள் மறுபடியும் இருந்தன. கையை முகர்ந்தான். மர வாடை இல்லை. சுண்ணாம்பும் வெங்காயமும் கலந்த வாடை. கொட்டு வாங்கியவர்களுக்கு உடம்பு முழுக்கப் பூசுவார்களே, அந்த வாடை.

பிடியில் மயில் தலை செதுக்க நினைத்திருந்தான். உளி அவன் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. அலகுக்கு விட்ட மரம் உதடாகத் தடித்தது. கண்ணுக்குத் தோண்டிய குழி தோண்டத் தோண்ட உள்ளிருந்து புடைத்துக்கொண்டு மேலே வந்தது. புதன்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். வீங்கி மூடிய இரண்டு இமைகள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்ட முகம்.

அதைச் செதுக்கி எடுத்துவிட முடியவில்லை. எரிக்கலாம் என்று அடுப்பில் வைத்தான். வீடு முழுக்க இரைச்சல் கிளம்பியது. மீனம்மா மட்டும் ஒன்றும் கேட்காதவளாய் அதே அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். கம்பில் புகைகூடப் பிடிக்கவில்லை.

வியாழன் காலை மீனம்மா வேலைக்குக் கிளம்பிய பிறகு, கம்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மேல் லயத்துக்குப் போனான். அழகன் வாசலில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தான். சாக்கைப் பிரித்து, பிடியை இரண்டு கையாலும் தடவினான். இமைகளில் விரல்கள் வெகுநேரம் நின்றன. பிறகு கம்பைக் காதருகே கொண்டுபோனான்.

"கேக்குதா தம்பி?"

"என்னண்ணே?"

"வீரம்மா பேச்சு நிக்கிறதுக்கு முந்தி என்கிட்ட ஒன்னே ஒன்னுதான் சொன்னா. மேல வாள் சத்தம் கேட்டுச்சாம். மூனு இழுப்பு. அதுக்கப்புறம் யாராச்சும் கத்துவாங்கன்னு நின்னுக்கிட்டே இருந்தாளாம்."

கூரைத் தகரத்திலிருந்து பனிநீர் சொட்டியது. அந்தச் சொட்டுகளை இருவரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"இத நான் ஊன்ட முடியாது தம்பி," என்றான் அழகன் கடைசியில். குரலில் கோபம்கூட இல்லை. "எங்க அறுத்தீங்களோ அங்கேயே கொண்டுபோயி வச்சிட்டு வாங்க. அவ கேக்குறா."

அவன் திரும்பி நாலு எட்டு வைத்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மீனம்மா இன்னைக்கு எந்த மலையில கொழுந்து எடுக்குதுன்னு தெரியுமா?"

அவனுக்குத் தெரியாது. கேட்டதில்லை. ஆனால் கால்கள் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தன.

ஏழாம் நம்பர் மலைப் பாதையில் பனி முழங்காலைத் தொட்டு, இடுப்பைத் தொட்டு, பிறகு முழுவதுமாக மூடியது. கம்பை எறிந்துவிட்டு ஓடப் பார்த்தான். விரல்கள் விரியவில்லை. வீங்கி, பிடியோடு பிடியாக ஒட்டிக்கிடந்தன. ஒவ்வொரு எட்டுக்கும் கம்பு தானே முன்னால் ஊன்றியது. அவனை இழுத்தது. டொக். டொக். இருபுறமும் தேயிலை ஈரமாய் உரசியது. பறவைச் சத்தம் இல்லை. காற்று இல்லை.

உச்சி.

கோப்பி மரம் நின்றது. அறுத்த இடம் ஈரமாக இருந்தது. நேற்று அறுத்ததுபோல. அதன் பின்னால் கூடு. முன்பிருந்ததைப்போல நாலு மடங்கு. சாம்பல் நிறம், மடிப்பு மடிப்பாக, தலையில் முக்காடு போட்டு, முதுகில் கொழுந்துக் கூடையோடு குனிந்து நிற்கும் ஒரு பெண்ணின் உயரம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு துவாரம். அதன் விளிம்பில் ஒன்றும் அசையவில்லை.

கூடு காலியாக இருந்தது.

கம்பு அவன் கையை இழுத்துக்கொண்டு போய் அறுபட்ட இடத்தில் பொருந்தியது. முன்னும் பின்னும் அசைந்தது. ஒரு தரம். இரண்டு தரம். வாள் சத்தம்.

கீழே, பனிக்குள், பெண்கள் சிரித்தார்கள். அதில் ஒரு சிரிப்பை அவனுக்குத் தெரியும்.

"என்னாடி, வேகமா எடு. எங்க வீட்டு ஆளு மாதிரி ஒரு காதச் செதுக்க ஒரு நாளாக்குறியே."

மீனம்மா.

மூன்றாவது இழுப்பு.

இப்போது கத்த வேண்டும். யாருக்குத் தெரிந்தாலும் சரி. மலைக்கே தெரியட்டும். ஏழு மாதத்துக்கு முன் விழுங்கிய சொல் அடிவயிற்றிலிருந்து எழும்பி வந்தது. தொண்டைக்கு வந்தது. கால்கள் இருந்தன அதற்கு. நாக்கின் மேல் ஊர்ந்தது.

பிடியில் இருந்த இமைகள் திறந்தன.

அவன் வாயைத் திறந்தான்.

இரைச்சல் வந்தது.

"ஏய், கேட்டீங்களா?" கீழே மீனம்மா நிமிர்ந்து நின்றாள். "இன்னைக்கு பெக்டரி சத்தம் மலை உச்சி வரைக்கும் வருதே." பெண்கள் மறுபடியும் சிரித்தார்கள். யாரும் படுக்கவில்லை. மேலே கோப்பி மரத்தோடு மரமாக அவன் வாயை மூட முடியாமல் நின்றான். அவன் உதட்டின் மேல் உள்ளிருந்து ஒவ்வொன்றாகக் குளவிகள் வந்து உட்கார்ந்து, ஈரச் சிறகை உதறி, அந்தச் சிரிப்பை நோக்கி இறங்கின.