பேனரில் போட்ட பெயர்

தனப்பிரியாவுக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. மணி பதினொன்று ஆகியும் தெருவில் ஓர் அடுப்புகூட எரியவில்லை. சாவு விழுந்த தெருவில் பிணம் எடுக்கும்வரை யாரும் உலை வைக்க மாட்டார்கள். அம்மா ஆராயி விடியும் முன்பே கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போய்விட்டாள். கோழிகளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது, சாவும் தெரியாது.

இறந்தவர் எதிர்வீட்டுக் குமாரசாமி. எண்பத்தொரு வயது. தனியாக இருந்தவர். ஒரே மகள் பிரவீனா டெல்லியிலிருந்து வந்து சேர மூன்று மணி ஆகும் என்றார்கள்.

வாசலில் பந்தல் போட்டு ஐம்பது நாற்காலிகள் வைத்திருந்தார்கள். ஐம்பதும் காலி. துக்கத்துக்கு வந்தவர்கள் தெருவுக்கு இந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஐஸ் பெட்டி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்குத் துணை யாருமில்லை.

எல்லாம் கேட்டில் தொங்கிய பலகையால் வந்தது. குமாரசாமி விமானப் படையில் விமானம் ஓட்டியவர். பிறகு படித்து இன்ஜினியரிங் சைக்காலஜிஸ்ட் ஆனவர். பலகையில் அப்படித்தான் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஊர் அதில் பாதிச் சொல்லை மட்டும் பிய்த்தெடுத்து, அவருக்கு ‘சைக்கோ’ என்று பட்டம் வைத்துவிட்டது. பைத்தியம் பிடித்தவர், கிட்டே போனால் கடிப்பார் என்றுகூடச் சின்னப் பிள்ளைகள் நம்பினார்கள். பதினைந்து வருடமாக அந்த வீட்டுக்குள் பால்காரரைத் தவிர யாரும் போனதில்லை.

மரத்தடியில் சின்னண்ணன் நின்றிருந்தார். ஊர்த் தண்ணீர்த் தொட்டிகளுக்கு மோட்டார் போடுகிறவர். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கிற பொறுப்பை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். எருமப்பட்டி பேனர் கடையிலிருந்து அவர் போனுக்கு ஒரு படம் வந்தது. தனப்பிரியா எட்டிப் பார்த்தாள். குமாரசாமியின் படம். கீழே பெரிய எழுத்தில்: ‘சைக்கோ குமாரசாமி அவர்கள்.’

அவளுக்குப் பசி மறந்துபோனது.

“மாமா, இது தப்புங்க.”

“என்ன சாமி தப்பு? எழுத்து சரியாத்தான இருக்குது?”

ஊரில் எல்லோருக்கும் பேருக்கு முன்னால் ஒரு பட்டம் உண்டு. லாரி ஓட்டினால் லாரி பொன்னன், போர்வெல் வண்டி ஓட்டினால் ரிக்கு மாதையன். அது இல்லாவிட்டால் யார் செத்தார் என்று பக்கத்து ஊருக்குத் தெரியாது. சின்னண்ணன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கடைக்காரர் கேட்டார், இவர் சொல்லிவிட்டார்.

மிலிட்டரி குமாரசாமி என்று போடலாமே என்றாள் தனப்பிரியா.

“மேக்காலத் தெருவுல அந்தப் பேர்ல ஒருத்தரு உசுரோட உக்காந்து வெத்தல போட்டுட்டு இருக்காரு. பேனரப் பாத்தா என்னைய உண்டு இல்லைன்னு பண்ணிருவாரு.”

“அவங்க மக வந்து மொதல்ல அதத்தானுங்க படிப்பாங்க.”

சின்னண்ணன் படத்தை மறுபடி பார்த்தார். முகம் மாறியது. பிறகு, அந்த மனுசன் என்ன வேலை பார்த்தார் என்று யாருக்குத் தெரியும் என்றார்.

“உங்களுக்குத் தெரியுமுங்க மாமா. மோட்டார் ரூம்ல ரப்பர் பந்து மாட்டுனது யாருங்க?”

சின்னண்ணன் போனை இறக்கினார்.

மோட்டார் அறையில் இரண்டு கைப்பிடிகள். ஒன்று நல்ல தண்ணீருக்கு, ஒன்று உப்புத் தண்ணீருக்கு. இரண்டும் ஒரே அச்சு. காலை நாலு மணித் தூக்கத்தில் சின்னண்ணன் மாற்றிப் போட்டுவிடுவார். உப்புத் தண்ணீர் வழிந்து தெருவில் ஓடும், குடிக்கச் சொட்டு இருக்காது. ஊரே அவரைக் கழுவி ஊற்றும். ஒருநாள் குமாரசாமி அங்கே வந்தார். திட்டவில்லை. இரண்டு நாள் சின்னண்ணனின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஒரு பிடியில் ரப்பர் பந்தைச் செருகினார், இன்னொன்றில் தட்டையான பலகையைக் கட்டினார். அதற்குப் பிறகு கை மாறவேயில்லை.

அன்று தனப்பிரியா குடத்தோடு ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தாள். குமாரசாமி சொன்னது காதில் விழுந்தது. விமானத்தில் சக்கரத்துக்கு ஒரு பிடி, இறக்கைக்கு ஒரு பிடி. தரை இறங்கிய களைப்பில் மாற்றி இழுத்தால் சக்கரம் மடங்கி, விமானம் வயிற்றோடு உட்கார்ந்துவிடும். எல்லோரும் ஓட்டியவனைத் திட்டுவார்கள். பிடியை மாற்றுவதுதான் தன் வேலை என்றார்.

“எம்மேல தப்பில்லைன்னு சொன்ன ஒரே ஆளு அவருதான்,” என்றார் சின்னண்ணன், தரையைப் பார்த்தபடி. “நான் அவர ஒரு காப்பிக்குக்கூட ஊட்டுக்குக் கூப்பிடல.”

பிறகு போனை அவளிடம் நீட்டினார். “நீயே சொல்லு சாமி.”

தனப்பிரியா யோசித்து யோசித்து, புது வாசகத்தைப் பேனர் கடைக்குப் பேசி அனுப்பினாள். சின்னண்ணன் தெருவைக் கடந்து போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவர் மட்டும் இருந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள்.

மூன்றேகாலுக்குக் கார் வந்தது. பிரவீனா இறங்கியதும் பேனர் முன்னால் நின்றுவிட்டார்.

‘குமாரசாமி அவர்கள். விமானம் ஓட்டியவர். ஓட்டுகிறவர்களின் கை தவறாமல் பார்த்துக்கொண்டவர்.’

யார் எழுதியது என்று கேட்டார். சின்னண்ணன் தனப்பிரியாவை முன்னால் தள்ளினார்.

“அப்பா வேலையை என் பிள்ளைங்களுக்கே எனக்குச் சொல்லத் தெரியல,” என்றார் பிரவீனா. “நீ அவர்கூட நிறையப் பேசுவியா கண்ணு?”

தலையாட்டியிருக்கலாம். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

“இல்லீங்க. ஒருநாளும் பேசுனதில்லீங்க,” என்றாள் தனப்பிரியா. “உங்க கேட்டு முன்னால நின்னு சைக்கோன்னு கத்திட்டு ஓடிருக்கேன். மூணு தடவ.”

 பந்தலுக்குள் பலர் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

 பிரவீனா அவள் கையைப் பிடித்து, “வா,” என்று உள்ளே கூட்டிப்போனார்.

கண்ணாடிக்குக் கீழே குமாரசாமி கண்மூடிப் படுத்திருந்தார். தனப்பிரியா வாயைத் திறந்தாள். “மன்னிச்சிருங்க,” என்று மெதுவாகச் சொன்னாள். ஐஸ் பெட்டியின் உர்ரென்ற சத்தத்தில் அவளுக்கே அது கேட்கவில்லை.

அவர் உயிரோடு இருந்தபோது கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு, மூன்று தடவைக்கும் சேர்த்து, அவளிடம் இன்னும் பாக்கி.