பீர்மேடு பங்களாவில் தொலைந்த சாட்டிலைட் போன்

காலை பதினொன்றே கால். பீர்மேடு எஸ்டேட் பங்களாவின் கூட்ட அறையில் சார்ஜில் போட்டிருந்த சாட்டிலைட் போனைக் காணவில்லை. ஒயர் மட்டும் தொங்கியது.

கடல்வழிப் போதைக் கடத்தலைத் தடுக்க, இந்தியாவும் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பும் சேர்ந்து நடத்தவிருக்கும் ரோந்தின் சங்கேதக் குறிகள் அதில் இருந்தன. மதியம் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும்.

அதற்காக வந்திருந்த மற்ற வெளிநாட்டு விருந்தினர்கள் தேயிலை ஃபேக்டரி பார்க்கப் போயிருந்தபோது பங்களாவில் இருந்தவர்கள் மூன்றே பேர்: காய்ச்சலில் படுத்திருந்த தாய்லாந்து அதிகாரி சுரின், இந்தியத் தரப்பு மொழிபெயர்ப்பாளர் பெர்சி, சமையல் பார்க்கும் அழகுத்தாய். முன்வாசலில் காவல் இருந்தது. பெட்டி, பை எல்லாம் சோதித்தும் போன் சிக்கவில்லை.

"அந்தத் தாய்லாந்துக்காரன்தான். முழியே சரியில்ல," என்று டிவைஎஸ்பி வினோ கிசுகிசுத்தார்.

எஸ்.ஐ. மாரீஸ்வரி வண்டிப்பெரியாறு தேயிலைத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு மூவர் மேலும் சந்தேகம்தான்.

சுரின் ஏதோ சொன்னார். பெர்சி மொழிபெயர்த்தான். "தூங்கிட்டேன்ங்கறாரு. மழுப்புறாரு மேடம்."

"அவர் சொன்னத மட்டும் சொல்லுங்க. நீங்க எங்க இருந்தீங்க?"

"வராந்தாவ விட்டு எறங்கவே இல்ல. வெளிய ஒரே மழை." குரல் கணீரென்று ஒலித்தது.

அடுக்களையில் அழகுத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். "நான் எடுக்கலம்மா, சாமி சத்தியமா."

"பயப்படாதீங்கக்கா. யாராச்சும் இங்க வந்தாங்களா?"

"பெர்சி சார் வந்தாரு. தொண்ட கட்டியிருக்கு, கொப்பளிக்கணும்னு ஒரு கை உப்பு வாங்குனாரு."

"வெந்நீர்?"

"தரட்டான்னேன். வேண்டாம்னுட்டாரு."

மாரீஸ்வரி விறுவிறுவென்று வராந்தாவுக்கு வந்தாள். "பெர்சி, சாக்ஸைக் கழட்டுங்க."

கணுக்காலில் இரண்டு இடங்களில் ரத்தம் நிற்காமல் கசிந்தது.

"தொண்ட கட்டுனவர் குரல் இப்படி இருக்காது. வெந்நீரை வேண்டாம்னுட்டு எதுல கொப்பளிச்சீங்க? உப்பு வாங்குனது கால்ல ரத்தம் உறிஞ்சுன அட்டைய உதிர்க்க. சிமெண்டு வராந்தாவுல அட்டை ஏறாது. பின்பக்கச் சரிவுப் புல்லுல எறங்குனாத்தான் ஏறும். அங்க எதுக்குப் போனீங்க?"

பெர்சி தலைகுனிந்தான். சரிவைத் துழாவிய காவலர்கள், ஒரு தேயிலைச் செடியின் தூரிலிருந்து பாலிதீனில் சுற்றிய போனை எடுத்து வந்தார்கள். மாலையில் கடத்தல்காரர்களின் ஆள் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு என்று பெர்சி ஒப்புக்கொண்டான்.

வினோ அவளை ஓரமாக அழைத்தார். "நம்ம ஆளுன்னு தெரிஞ்சா மானம் போயிரும். எங்கயோ விழுந்து கெடந்துச்சுன்னு சொல்லிரு."

மாரீஸ்வரி நேராக நடந்தாள். விருந்தினர்கள் திரும்பி வந்து கூடியிருந்த அறைக்குள் போய் ஆங்கிலத்தில் சொன்னாள்: "எடுத்தது எங்கள் ஆள். நாங்கள் சந்தேகப்பட்டது உங்களை. மன்னிக்க வேண்டும்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் சுரின் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"சங்கேதக் குறிகளை மாற்றுங்கள்," என்றார், தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில். பிறகு ஒப்பந்தத்தைத் தன் பக்கம் இழுத்து முதல் கையெழுத்தைப் போட்டார்.