விளக்கு வரும் வரை

கால்சா என்ற பழைய துறைமுகப் பேட்டையில் ஒரு மாளிகையின் மாடியில்தான் வசுமதியின் ஆய்வு மையம். மதியம் இரண்டு மணிக்கு அவள் போனபோது, அங்கே துப்புரவு வேலை பார்க்கும் குகனேஸ்வரி படிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அயர்லாந்தின் நானூறு வருடத்துக் கேலிக் மொழிச் சுவடிகளோடு ஐந்து வருடம் மல்லுக்கட்டியவள் வசுமதி. மறுநாள் வாய்மொழித் தேர்வு. தேறாவிட்டால் இந்த நாட்டில் தங்க பெர்மெஸ்ஸோ என்ற அனுமதிச் சீட்டு கிடையாது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பேராசிரியருக்கு அவளைக் கண்டாலே இளக்காரம். அவள் வாயில் கேலிக் செத்துப்போய் வருகிறது என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அது அவளுக்கு ஆறவே இல்லை.

அந்தக் காலத்துக் கவிதைப் பள்ளிகளில் மாணவர்கள் சன்னலற்ற அறையில், வயிற்றில் கல்லை வைத்துக்கொண்டு, இருட்டில் படுத்துப் பாட்டுக் கட்டுவார்களாம். விளக்கு வந்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும். தேர்வில் சொல்ல ஒரு கேலிக் பாட்டை அவளும் அப்படிக் கட்டிப் பார்க்கத் துணிந்தாள். தேர்வு மண்டபத்தை ஒட்டி அப்படி ஓர் அறை இருந்தது. ஐந்து மணிக்கு விளக்கோடு வரும்படி குகனேஸ்வரியைக் கேட்டுக்கொண்டாள்.

"ஓம், வாறன். ஆனா பிள்ளை, நான் அந்த அறைக்கை பகலிலையும் போறேல்லை. வாசலிலை நிண்டுதான் கூப்பிடுவன்."

வசுமதி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இருட்டில் ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது. வயிற்றில் கல் சில்லென்று கனத்தது. சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன, வரிகளாயின. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

எரியும் கொழுப்பின் நாற்றம். மூடிய இமைகளின் மேல் மஞ்சள் வெளிச்சம்.

"அக்கா?"

பதில் கேலிக்கில் வந்தது.

"சொல்."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. முழுப் பாட்டையும் சொன்னாள்.

வெளிச்சம் அணைந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. வாசலில் டார்ச்சோடு குகனேஸ்வரி.

"இப்பதான் ஐஞ்சு மணி. ஆரோடை கதைச்சனீங்கள்?"

வசுமதி வெளியே ஓடிவந்து தன் கேலிக் குறிப்பேட்டைப் பிரித்தாள். அவள் கையெழுத்துதான். ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஐந்து வருடப் படிப்பும் துடைத்தெடுத்தாற்போல் போயிருந்தது.

மறுநாள் தேர்வாளர்கள் மூவர் முன்னால் வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. பேராசிரியர் உதட்டைச் சுழித்தார்.

அப்போது பக்கத்து அறையிலிருந்து பாட்டு எழுந்தது. அந்த அறையைக் காலையிலேயே குகனேஸ்வரி பூட்டிவிட்டிருந்தார்.

அவள் கட்டிய பாட்டு.

அவள் குரல்.

தேர்வாளர்கள் நாற்காலிகளைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அவளுக்கு முதுகைக் காட்டியபடி, தலையை ஆட்டி ஆட்டி, மதிப்பெண் போட ஆரம்பித்தார்கள்.