ஏழாவது குரல்

1994 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்கு மயிலாப்பூர் தெற்கு மாடவீதியருகே ஓர் இரண்டாம் மாடி வீட்டில் ஸ்ரீநாத் மணியடித்தான்.

கிரீஷின் வீடு. இமாசலத்தில் பதினாறாயிரம் அடிக் கணவாய் ஏறப்போன ஏழு பேரில் கிரீஷ் மட்டும் திரும்பவில்லை. ஒன்பது நாளாயிற்று.

கதவைத் திறந்த கோமளம் மாமி அழவில்லை. மகனை எங்கே தேடுகிறார்கள் என்று சொன்னாள். கணவாய் உச்சியில் ஏழு குரலும் கேட்டதாக அணித் தலைவர் எழுதிக் கொடுத்திருந்தார். அதனால் மறுசரிவில்தான் தேடல். நாளையோடு நிறுத்திவிடுவார்களாம்.

"காரியம் பண்ணவாவது கிடைக்கணுமேடா. நீ அவனுக்கு முன்னாடிதானே நடந்துண்டு இருந்தே?"

ஸ்ரீநாத் தலையாட்டினான். மூடுபனியில் அரைமணிக்கொரு முறை வரிசையாக எண் சொல்ல வேண்டும். அவன் ஆறு, கிரீஷ் ஏழு. உச்சிக்கு வெகு கீழே, பிளந்த பாறையடியில், தலைவலிக்கிறது என்று கிரீஷ் உட்கார்ந்துவிட்டான். பின்னாலேயே வருகிறேன், எண்ணினால் எனக்கும் சேர்த்துச் சொல்லிவிடு என்றான். கல்லூரியில் மூன்று வருடம் வருகைப்பதிவில் ஒருவனுக்கு ஒருவன் ப்ராக்ஸி கொடுத்தவர்கள். உச்சி வரை ஒவ்வொரு எண்ணிக்கையிலும் ஸ்ரீநாத் தொண்டையை மாற்றி "ஏழு" என்றான்.

பிறகு போலீஸ் விசாரித்தபோது வாய் வரவில்லை.

இப்போதும் வரவில்லை.

மாமி வைத்த காபியில் ஆவி அடங்கியது. மேலே ஏடு படிந்தது. மின்விசிறி ஓடவில்லை, ஆனாலும் அவன் கழுத்து வேர்வை சில்லிட்டது. மூச்சு விட்டான். முகத்தெதிரே வெள்ளையாகப் புகைந்தது.

முதுகுக்குப் பின்னால், சாத்திய அறைக்குள், யாரோ காற்றுக்குத் தவிக்கும் இரைப்பு.

"ஒண்ணு."

கிரீஷின் குரல்.

"ரெண்டு... மூணு..."

மாமி அறையைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்தாள்.

"நாலு... அஞ்சு."

நின்றது.

"உன் முறைடா," என்றாள் மாமி, மெதுவாக. "தினம் இங்கேயே நின்னுடறது."

"ஆறு" என்றான். பல் கிட்டியது.

ஏழு வரவில்லை. இரைப்பு மட்டும் நெருங்கி வந்தது.

"ஏழும் நான்தான் சொன்னேன் மாமி. அவன் மேல ஏறவே இல்ல. பாறைகிட்ட உக்காந்துட்டான்."

மாமி எழுந்து தொலைபேசியிடம் போனாள்.

செவ்வாயன்று, ஏறிப்போன பக்கச் சரிவில், பிளந்த பாறையடியில் உடல் கிடைத்தது.

புதனன்று அடையாறில் ஒரு மருத்துவர் ஸ்ரீநாத்தின் வலது காலைப் பார்த்தார். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. பனிக்கடி, மூன்று நாளைக்கு முன், ஞாயிறன்று பட்டது என்று எழுதினார். விரல்களை எடுத்துவிட்டார்கள்.