கிள்ளக் கிள்ள

கறிவேப்பிலைக் கன்றின் நுனியை யாரோ கிள்ளியிருந்தார்கள். ஆடு கடித்திருந்தால் தண்டோடு இழுத்துக் கிழித்திருக்கும். புழு தின்றிருந்தால் ஓரமெல்லாம் அரித்திருக்கும். இது அப்படியில்லை. பதம் பார்த்து, இளசாக இருந்த இடத்தில் மட்டும் சுத்தமாக ஒடித்தெடுத்த கிள்ளு. பதினெட்டு வயதிலிருந்து தேயிலை மலையில் கொழுந்து பறிக்கிறவள் ஜீவராணி. கிள்ளைப் பற்றி அவளுக்குப் பாடம் சொல்வதென்றால் கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான்.

எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்து வீட்டைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. வீரசிங்கம்தான் செய்திருப்பார் என்று அந்த இடத்திலேயே முடிவுகட்டினாள். சண்டைக்காரர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கும்போது சந்தேகத்தை வேறெங்கே கொண்டுபோய் வைப்பது?

சண்டை ஒரு கொடியால் வந்தது. ஹாலிஎலவுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில், லயத்து வரிசை அறைகளை விட்டு வந்த குடும்பங்களுக்கு ஆளுக்கு ஏழு பேர்ச் அளவு காணியும் ஒரு சின்ன வீடும் கிடைத்திருந்தன. ஜீவராணியின் வீடும் வீரசிங்கத்தின் வீடும் வரிசையின் கடைசியில், ஒரே மண்மேட்டின் அடியில் அமைந்துவிட்டன. குடிவந்த முதல் அடைமழையிலேயே மேடு சரிந்து, சேறு இரண்டு வீட்டுக் குசினிக்குள்ளும் அடுப்புவரை புகுந்தது. தனிக்கட்டையான வீரசிங்கம் காட்டோரத்திலிருந்து ஒரு கொடியைக் கொண்டுவந்து மேட்டில் நட்டார். அதன் பெயர் அவருக்கே தெரியாது. தடித்த தண்டு, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் இலை, பக்கத்தில் போனால் புளித்த பாலின் வாடை. அடுத்த மழைக்கு மேட்டிலிருந்து ஒரு பிடி மண்கூட விழவில்லை. ஜீவராணியே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்பது மனிதருக்கு மட்டும் சொன்னதில்லை. கொடி எல்லைக்கல்லைத் தாண்டியது. கோழிக்கூட்டைச் சுற்றி வந்து, அவள் வீட்டுச் சுவரில் ஏறி, கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் தலையை நுழைத்தது. பத்து வருஷம் பிள்ளையில்லாமல் அழுது, கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டு பெற்ற குழந்தை அந்தச் சுவரின் அடியில்தான் சேலைத் தொட்டிலில் தூங்கியது. கொடிக்குள் பாம்பு வந்து அடைந்தால் என்ன செய்வது? முதலில் அவளுக்கு இருந்த பயம் அவ்வளவுதான்.

"மாமா, ஒங்க பக்கத்தோட நிப்பாட்டிக்கங்க. எம்புள்ள படுக்கிற எடத்துக்கு வந்துருச்சு" என்றாள்.

"மண்ணப் புடிச்சிக்கிட்டு இருக்கு புள்ள. வேரத் தொட்டா ரெண்டு வீடும் கீழ தண்ணி ஓடுற கான்ல கெடக்கும்."

"அப்ப எம்பக்கம் வர்றத நான் கிள்ளிப் போடுவேன்."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கிள்ள மட்டும் கிள்ளாத. கிள்ளக் கிள்ளத் தழைக்கும்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். வேரை வெட்டினால் மண் வரும், விட்டுவிட்டால் கொடி வரும். வேறு என்னதான் செய்வாள்? காணி விவகாரம் பார்க்கிற உத்தியோகத்தர் ஒரு நாள் வந்து, எல்லைக்கல்லை மிதித்துப் பார்த்து, ஒங்களுக்குள்ள பேசித் தீத்துக்குங்க என்று சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அத்துடன் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. ஆடு பகை குட்டி உறவு என்பார்களே, அதுபோல வீரசிங்கம் குழந்தையை மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்சுவார்.

ஜீவராணி கிள்ளினாள். காலையில் குழந்தையைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆயாவிடம் விட்டுவிட்டு மலைக்குப் போகுமுன் கிள்ளினாள். மாலையில் கூடையை இறக்கிவைத்து, முதுகு விண்விண்ணென்று வலிக்க, குழந்தையை இடுப்பில் தாங்கிக்கொண்டு, புளித்த வாடை விரலில் ஏறி சவர்க்காரத்துக்கும் போகாமல் ஒட்டிக்கொள்ளும்வரை கிள்ளினாள். மனசு எங்கோ இருக்கும், கை தன் பாட்டில் போகும். ஒரு நுனி, இரண்டு இலை, நறுக். கிள்ளியதை எல்லைக்கல்லுக்கு அப்பால் எறிவாள். இடுப்பிலிருந்த குழந்தை அந்தச் சத்தத்துக்குச் சிரிக்கும்.

கறிவேப்பிலைக்குப் பிறகு செவ்வந்தி மொட்டுகள் போயின. அதற்குப் பிறகு மல்லித்தழை. எல்லாம் அதே கிள்ளு. வீரசிங்கத்தை மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மூடுபனி இறங்கி எதிர்மலை இல்லாமல் போயிருந்தபோது, அவள் முற்றத்துக்கு வந்து அப்படியே நின்றுவிட்டாள். தேயிலைச் செடிகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக மலையில் மட்டக்கம்பு வைத்துப் பறிப்பார்கள். இங்கே யாரும் கம்பு வைக்கவில்லை. ஆனால் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் வந்த கொடி முழுவதும் இடுப்பளவு உயரத்தில், ஒரு நுனி ஏறாமல் ஒரு நுனி இறங்காமல், மட்டமாக நின்றது. கொடி படரும், ஏறும், தொங்கும். நிற்காது. இது நின்றது. அவள் கைக்குத் தோதான உயரத்தில்.

காற்று துளியும் இல்லை. அவள் வலது கையை மெல்ல அசைத்தாள். நுனிகள் அந்தப் பக்கம் திரும்பின. கையை இறக்கினாள். நுனிகளும் தணிந்தன.

அன்றோடு கிள்ளுவதை விட்டாள். வெலிமடையில் மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றும் கணவன் ஜெயரூபனுக்குப் போன் பண்ணினாள். அவன் சிரித்தான். "கொடிக்குப் பயந்துக்கிட்டு தேயிலத் தோட்டத்துல எப்படிப் பொழைக்கிறது? வந்து மண்ணெண்ண ஊத்துறேன், இரு" என்றான். பயத்தைச் சொல்லிச் சிரிப்பு வாங்கியவளுக்குப் பயம் இரட்டிப்பாகும். அவளுக்கு அப்படித்தான் ஆனது.

ஏனென்றால், அவள் நிறுத்திய பிறகும் கிள்ளு நிற்கவில்லை. அது வீட்டுக்குள் வந்தது. சாமிவிளக்கின் திரியில் கருகாத வெள்ளை நுனி போயிருந்தது. வீடு கூட்டுகிற தும்புத்தடியின் நுனிகள் மட்டமாக இருந்தன. கோழிக்கூட்டைத் திறந்தபோது சேவல் வெளியே வந்தது; அதன் கொண்டையிலிருந்த சிவப்பு முனைகள் ஒன்றுகூட இல்லை, ஒரே மட்டத்தில் எடுக்கப்பட்டிருந்தன. இரத்தம் இல்லை. எடுத்த இடம் ஈரமாக, இலேசாகப் பச்சை பூத்திருந்தது. சேவல் ஒன்றும் நடக்காததுபோல அரிசியைக் கொத்தித் தின்றது. அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

அன்று மாலை குழந்தையைத் தூங்கவைக்கத் தலையைத் தடவியபோது கையில் ஏதோ குறைந்தது. நெற்றியில் சுருண்டு விழுந்துகொண்டிருந்த முடி, கிள்ளியெடுத்ததுபோல ஒரே மட்டமாக நின்றிருந்தது. கதிர்காமத்துக்கு நேர்ந்த முடி அது. மொட்டை போடும்வரை அதில் கத்தரி படக்கூடாது என்று பெற்றவளே சீப்பை அழுத்தாமல் சீவியிருந்தாள்.

கோபம் வந்தால் பயம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். வீரசிங்கத்தை அவள் பார்த்தே பல நாளாகியிருந்தது. விளக்குகூட எரியவில்லை. ஒளிந்துகொண்டு செய்கிறார் என்று தோன்றியது. குழந்தை நன்றாகத் தூங்கியது. வெளியே தூறல், பாதை முழுக்க வழுக்கல். எட்டு வைத்தால் வந்துவிடும் வீட்டுக்குக் குழந்தையை நனைத்துக்கொண்டு போவானேன் என்று தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, கதவைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

வீரசிங்கத்தின் கதவு தள்ளியதும் திறந்தது. உள்ளே புளித்த வாடை மூக்கை அடைத்தது. மங்கல் வெளிச்சத்தில் அவர் கதிரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துவாய், அதற்குள் இரண்டு கைகள்.

"எம்புள்ள முடியில கைய வச்சது நீங்களா மாமா?"

அவர் துவாயை விலக்கினார். வலது கை விரல்களுக்கு நுனி இல்லை. நகமும் இல்லை. நான்கும் ஒரே மட்டத்தில் முடிந்திருந்தன. முடிந்த இடம் ஈரமாக, பச்சை பூத்து. இடது கையில் சுண்டுவிரல் மட்டும் பாதி.

ஜீவராணி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்கல புள்ள" என்றார் அவர், அவளைச் சமாதானப்படுத்துவதுபோல. "தூக்கத்துல எடுத்துருச்சு. பதமாத்தான் எடுக்குது, ஒன்னயப்போல. அப்பறம் பாதியில வுட்டுட்டுப் போயிருச்சு."

"ஏன் வுட்டுச்சு?"

"முத்தலு. ஏலாதுன்னு வுட்டுருச்சு."

அவர் அவளுக்குப் பின்னால் பார்த்தார். அவளுடைய இடுப்பைப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது.

"புள்ள எங்க?"

அவள் ஓடினாள். மூடுபனி முற்றத்தை விழுங்கியிருந்தது. செருப்பு சேற்றில் கழன்றது. எல்லைக்கல் முழங்காலில் இடித்தது. கொடி இருந்த இடத்தில் கொடி இல்லை. வெறும் தண்டுகள் சுவரைப் பார்த்துச் சாய்ந்து கிடந்தன. நுனிகள் எல்லாம் எங்கேயோ போயிருந்தன.

அப்போதுதான் கேட்டது. பிறந்ததிலிருந்து அவள் அறிந்த சத்தம். ஒரு மலை நிறையப் பெண்கள் பேசாமல் நின்று கொழுந்து பறிக்கும்போது வரும் சத்தம். நறுக். நறுக். நறுக். வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்தாள். சாவி துவாரத்தில் ஏறவில்லை. ஏறியது. கதவு திறந்தது.

சத்தம் நின்றது.

கூரை இடைவெளியிலிருந்து இறங்கி, தரை முழுக்கப் பரவி, அறை நிறைய இடுப்பளவுக்கு நின்றன நுனிகள். நடுவில் தொட்டில். தொட்டில் சேலையின் கரை வரிசையாகக் கிள்ளப்பட்டு, நூல் நூலாகத் தரையில் கிடந்தது. உள்ளே குழந்தை விழித்திருந்தது. அழவில்லை. விரல்கள் பத்தும் இருந்தன. பத்தும். இரண்டு தரம் பார்த்தாள்.

அள்ளி எடுத்தாள். திரும்பினாள். கதவு சாத்தியிருந்தது; அதன் முன்னாலும் நுனிகள் நின்றன.

"என்னய எடுத்துக்க" என்றாள். குழந்தையை முழங்கையால் இடுப்போடு அணைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். "இந்தா. என்னய எடுத்துக்க."

நுனிகள் வந்தன. குளிர்ச்சியாக, அவசரமில்லாமல், ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தன. கறை ஏறிய நகத்தை. வெடித்த தோலை. இருபது வருஷம் காய்த்துப்போன நுனியை. கொஞ்சம் அழுத்திப் பார்த்தன. பிறகு விட்டுவிட்டன.

அவளுடைய கைக்கு அடியால் போயின. குழந்தையின் பக்கம்.

அவள் தரையில் உட்கார்ந்து குழந்தையைச் சுற்றி மடிந்துகொண்டாள். பிஞ்சுக் கால்களை மடிக்குள் அழுத்தினாள். கைகளை ரவிக்கைக்குள் திணித்தாள். தலைக்கு மேல் முந்தானையை இழுத்து மூடி, தன் தாடையால் அழுத்திப் பிடித்தாள். முதுகில், கழுத்தில், காதோரத்தில் நுனிகள் பட்டன, தடவின, விலகின. வேண்டாமாம். அவள் வேண்டாமாம். எதுவும் அவளை நெருக்கவில்லை. சுற்றி வட்டமாக, மட்டமாக, நின்றன. வெளியே வீரசிங்கம் அவள் பெயரைச் சொல்லிக் கதவில் முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தார். கதவு அசையவில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குழந்தையை இன்னும் இறுக்கினாள்.

முந்தானைக்குள் இருந்த குழந்தைக்கு இது ஒளிந்து விளையாடுகிற விளையாட்டாகத் தோன்றியிருக்க வேண்டும். கிளுக்கென்று சிரித்தது. திமிறியது. ஒரு கை நழுவியது. ஜீவராணி பிடிப்பதற்குள், சேலை மடிப்பை விலக்கிக்கொண்டு, ஐந்து விரல்களையும் நன்றாக விரித்து, அந்தச் சின்னக் கை வெளியே நீண்டது.

அறை முழுக்க நின்ற நுனிகள் எல்லாம் ஒரே நேரத்தில் குனிந்தன.